ஊதா மூடி, நீல மூடி

பாமாவுக்கு இயந்திரங்களிடம் மரியாதை உண்டு. நம்பிக்கைதான் கிடையாது.

புனேவின் விஷ்ராந்த்வாடியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். அங்கே ஓர் இயந்திரம் சொட்டு ரத்தத்தை உறிஞ்சி, ஒரே நிமிஷத்தில் சிவப்பணு இத்தனை, வெள்ளையணு இத்தனை, பிளேட்லெட் இத்தனை என்று சீட்டு அடித்துத் தள்ளிவிடும். மற்றவர்கள் சீட்டைக் கிழித்து ஃபைலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். பாமா அதே குழாயிலிருந்து இன்னொரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, வேறொரு கண்ணாடியின் விளிம்பால் மெல்லிசாக இழுப்பாள். காய்ந்ததும் சாயம் ஊற்றிக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்துவிடுவாள். கர்ப்பிணி, பச்சைக் குழந்தை என்றால் விதிவிலக்கே கிடையாது. அவளை யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை. செய்யாதே என்று இரண்டு மேனேஜர்கள் சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோனார்கள்.

மிஷினுக்கு எண்ணத்தான் தெரியும், பார்க்கத் தெரியாது என்பது அவள் கட்சி. அதற்காக அவள் வாங்காத கேலி இல்லை. கூட வேலை பார்க்கும் அருண்ராஜ், தாபோடியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன் என்றாலும் இப்போது முப்பத்திரண்டு வயது ஆள், அவளுக்கு 'தூர்பீன் அக்கா' என்றே பெயர் வைத்துவிட்டான். தூர்பீன் என்றால் தொலைநோக்கி, இது நுண்ணோக்கி என்று திருத்தப் போய், அதற்கும் சேர்த்துக் கேலி வாங்கினாள்.

வீட்டில் கேலி செய்ய ஆளில்லை, ஏனென்றால் அங்கேயும் அதே வியாதி. கணவர் பக்தவத்சலம் போசரியில் ஒரு பட்டறைக் கம்பெனியில் தரம் பார்ப்பவர். கையில் அளவுகோலோடு, வரிசையாக வரும் உலோகத் துண்டுகளில் நல்லது எது, ரிஜெக்ட் எது என்று பிரிப்பது அவர் பிழைப்பு. காய்கறிக்காரனிடம் அவர் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கும் விதத்தைப் பார்த்தால், அவனே ஒரு நிமிஷம் தன் சரக்கின் மேல் சந்தேகப்படுவான். இரண்டு பேரும் வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள். பாமாவின் அப்பா தேஹு ரோடு ஆயுதக் கிடங்கில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்ததிலிருந்து ஊர் என்றால் இதுதான். வீட்டுத் தமிழில் 'இன்னா'வும் இருக்கும், 'ஜல்தி'யும் இருக்கும். பையன் கிட்டு ஹைதராபாதில் வேலைக்குப் போனபின் வீட்டில் மிச்சம் இவர்கள் இருவரும், பக்கத்து வீட்டு நாஸியாவும்தான்.

நாஸியாவைப் பக்கத்து வீடு என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. பாதி நேரம் அவள் பாமா வீட்டில்தான் இருப்பாள். கடையநல்லூரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண், இருபத்தாறு வயது. கணவன் கலீல் ஸ்டேஷன் பக்கத்தில் குடையும் ரெயின்கோட்டும் விற்கும் கடை வைத்திருக்கிறான். வந்த புதிதில் அவளுக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. பால்காரனோடு கையால் பேசிக்கொண்டிருந்தவளை பாமாதான் சேர்த்துக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐந்தாம் மாதத்தில் ஒரு குழந்தை தங்காமல் போனது. அப்போது நாஸியா நாலு நாள் பாமாவின் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசிக்கொண்டதில்லை. மறுபடி உண்டானபோது, மெனக்கெட்டு லோக்கல் ரயிலில் கட்கி வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து பாமாவின் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். பாமாக்கா இருக்கிற இடம்தான் வேண்டும் என்று கலீலிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஏழாம் மாதத்தில் ஒரு கலவரம் வந்தது. இயந்திரம் நாஸியாவின் பிளேட்லெட் முப்பத்தெட்டாயிரம் என்று சீட்டு அடித்தது. ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள் அவை. ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனாலே டாக்டர்கள் யோசிப்பார்கள். கலீல் பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் ராஜ்வாடே, கண்டிப்பான அம்மாள், அட்மிஷன் தாளை எடுத்து எழுதவே ஆரம்பித்துவிட்டார்.

பாமா ஸ்லைடைப் பார்த்தாள். ஓரத்தில் பிளேட்லெட்டுகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் ஒரு மருந்து இருக்கும். ஆயிரத்தில் ஒருத்தருக்கு அந்த மருந்து பட்டால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் ஒரு கொத்தை ஒன்றாக எண்ணும், இல்லையென்றால் எண்ணாமலே விட்டுவிடும். ரத்தத்தில் குறையே இருக்காது, குழாயில்தான் கோளாறு. பாமா வேறு மருந்து உள்ள நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து ஓட்டினாள். இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் இருந்தது.

அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. டாக்டர் ராஜ்வாடே எல்லோர் முன்னாலும் பாராட்டினார். கலீலின் உம்மா சுல்தான் பீவி ஒரு தூக்குச் சட்டி நிறைய நெய்ச்சோறு அனுப்பினாள். பாமா நாஸியாவின் ஃபைல் அட்டையில் சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் மராத்தியில் எழுதினாள்: 'ஊதா மூடியில் பிளேட்லெட் கொத்தாகும். எண்ணிக்கை செல்லாது.' கீழே கோடும் போட்டாள். இனிமேல் யார் குறைவு என்று சொன்னாலும் பயப்படாதே, அது உன் ரத்தத்தின் சுபாவம் என்று நாஸியாவிடமும் சொல்லி அனுப்பினாள். பெருமையில் சொன்னதுதான். அந்தப் பெருமை அவளுக்கு நியாயமாகச் சேர வேண்டியதும்கூட. ஆனால் வினை அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

ஜூன் மாதம் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் போகும் பால்கி, அதாவது பல்லக்கு ஊர்வலம், விஷ்ராந்த்வாடி வழியாகத்தான் புனேவுக்குள் வரும். அன்றைக்கு அந்த ரோட்டில் லட்சக்கணக்கில் ஜனம் நடக்கும், வண்டி ஒன்றும் ஓடாது. பாமா வழக்கம்போல அன்று லீவு போட்டிருந்தாள். நாஸியாவுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. முந்தின நாளிலிருந்து வாந்தி, மேல்வயிற்றில் வலி. பாமாவிடம் சொல்லாமல், ரோடு மூடுவதற்குள் விடிந்ததும் கலீல் வேனில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டான். பக்கத்து வீட்டில் லீவு நாளில் தூங்குகிறவர்களை எதற்கு எழுப்புவது என்று நினைத்தார்கள்.

பத்து மணிக்கு அருண்ராஜ் போன் செய்தான். பாமா குக்கரை ஏற்றிவிட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க நாஸியா வந்திருக்காங்க. பிளேட்லெட் அறுவத்தோராயிரம் காட்டுது. நீல மூடி டியூப் தீந்துபோச்சு, ரோடு பந்த், வண்டி வராது. இன்னா எழுதட்டும்?"

"அது கொத்துதான். அட்டைலயே எழுதி வெச்சிருக்கேன் பாரு. கொத்துன்னே போட்டுடு" என்றாள் பாமா, உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டபடி.

அவ்வளவுதான். இருபத்தாறு வருஷத்தில், கண்ணால் பார்க்காத ரத்தத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் பதில் அது. சொன்னபோது அவளுக்கே அது தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நாஸியாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல், பெரிதாக ஒன்றுமில்லை. வலி, ஏதோ கல்யாண வீட்டுச் சாப்பாட்டால் வந்த நெஞ்செரிச்சல் என்று நாஸியாவே சொல்லியிருக்கிறாள். டியூட்டியில் இருந்த சின்ன டாக்டர் ஃபைல் அட்டையின் சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டு நிம்மதியானார். ஒரு சிரப் கொடுத்து, ரோடு திறந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று வார்டில் படுக்க வைத்தார்.

அருண்ராஜ் நல்ல பிள்ளை. கேலி செய்வானே ஒழிய, ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். அரை மணி கழித்துத்தான் பாமா அதைத் திறந்தாள். பிளேட்லெட்டை அவள் பார்க்கவில்லை, அதுதான் தெரிந்த கதையாயிற்றே. கண் மேல் வரிசைக்குப் போனது. ஹீமோகுளோபின் ஒன்பது. போன மாதம் இதே பெண்ணுக்குப் பதினொன்றரை இருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. குழாய் மருந்து பிளேட்லெட்டைக் குறைத்துக் காட்டும். ஹீமோகுளோபினைக் குறைக்காது. அது எங்கே போயிற்று?

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போன் போட்டாள். ஸ்லைடு பார்த்தாயா என்று கேட்டாள்.

"போட்டு வெச்சேன் அக்கா, பாக்கல. நீங்கதான் கொத்துன்னு சொல்லிட்டீங்களே."

பாமா அடுப்பை அணைத்தாள். இப்போதே மைக்ராஸ்கோப்பில் வைத்து, கண் வைக்கிற இடத்தில் போனை வைத்துப் படம் எடுத்து அனுப்பு என்றாள். நாலு படங்கள் வந்தன. இரண்டு கலங்கல். மூன்றாவதைப் பெரிதாக்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிப் பார்த்தாள். கொத்து ஒன்றுகூட இல்லை. பிளேட்லெட்டுகள் நிஜமாகவே குறைந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் பல இடங்களில் முக்கோணமாகவும், பாதி கடித்த அப்பளம் போலவும் கிடந்தன.

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பக்தவத்சலம், ரத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், "இன்னா பாமா, எல்லாம் ஒடஞ்ச பீஸா இருக்கு?" என்றார்.

உடைந்த பீஸ்தான். சில கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில், சிறு ரத்தக் குழாய்கள் பழுதாகி, அவற்றின் வழியே போகும் சிவப்பணுக்கள் கிழிபடும். பிளேட்லெட் தீரும், கல்லீரல் வீங்கி மேல்வயிறு வலிக்கும். பார்த்தால் வெறும் நெஞ்செரிச்சல் மாதிரியே இருக்கும். சில மணி நேரத்தில் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். குழந்தையை வெளியே எடுப்பது ஒன்றே வைத்தியம். நாஸியா சிரப் குடித்துவிட்டு, ரோடு திறக்கக் காத்துக்கொண்டிருந்தாள்.

பாமா டாக்டர் ராஜ்வாடேக்கே நேராகப் போன் செய்தாள். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருப்பவர் அவர். சின்ன டாக்டரிடம் சொல்லியிருக்கலாம், அருண்ராஜை விட்டுச் சொல்லியிருக்கலாம், 'ரிப்போர்ட்டில் ஒரு சின்னத் திருத்தம்' என்று பூசி மெழுகியும் இருக்கலாம். அவள் மராத்தியில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"டாக்டர், காலையில் கொத்து என்று எழுதச் சொன்னது நான். பார்க்காமல் சொன்னேன், தப்பு. இப்போது பார்த்துவிட்டேன். கொத்து இல்லை, சிவப்பணு உடைகிறது. நாஸியாவை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்."

கல்லீரல் டெஸ்டுக்கு இப்போதே ரத்தம் எடுக்கச் சொல்கிறேன், தியேட்டரையும் தயார் செய்கிறேன் என்று சொல்லி டாக்டர் போனை வைத்துவிட்டார்.

அதற்குமேல் வீட்டில் உட்கார முடியுமா? பக்தவத்சலம் ஸ்கூட்டரில் ஸ்டேஷனில் விட்டார். லோக்கலில் கட்கி வரை வந்துவிட்டாள். அங்கிருந்து நாலு கிலோமீட்டர், நடைதான். ஜனம் எல்லாம் புனேவைப் பார்த்து வருகிறது, இவள் ஒருத்தி விஷ்ராந்த்வாடியைப் பார்த்துப் போகிறாள். வெள்ளைத் தொப்பிக்காரர்கள், தலையில் துளசிமாடம் சுமந்த பெண்கள், தாளம், தூறல். ஐம்பத்தொரு வயது உடம்பு இடித்துக்கொண்டும் இடிபட்டுக்கொண்டும் போயிற்று. எதிரே வந்த ஒரு கிழவி, பாதை தப்பி எதிர்த் திசையில் போகிறாள் என்று நினைத்து, தோளைப் பிடித்துத் திருப்பி விட்டாள். பாமாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓட முடியாத இடத்தில் ஓட வேண்டியிருந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது நாஸியா தியேட்டருக்குள் போயிருந்தாள். கல்லீரல் டெஸ்டும் மோசமாகத்தான் வந்திருந்தது. கலீல் அதே பெஞ்சில், அதே மாதிரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாமா அவன் பக்கத்தில் உட்காரவில்லை. உட்கார அவளுக்கு முகமில்லை. நேரே பரிசோதனைக் கூடத்துக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு, வரப்போகிற ரத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

பெண் குழந்தை. ஒரு கிலோ எண்ணூறு கிராம். பிறந்ததும் அழவில்லை, சற்று நேரம் மூச்சுக்கு உதவி வேண்டியிருந்தது. தொப்புள்கொடி ரத்தம் கீழே வந்தது. இயந்திரம் வெள்ளையணு நாற்பத்தெட்டாயிரம் என்று அடித்தது. குழந்தை டாக்டர் மேலிருந்து போன் செய்து, இவ்வளவா, கிருமித் தொற்றா என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள் பாமா. அந்த இரண்டு வார்த்தையையும் அவள் அழுத்திச் சொன்னது அவருக்குப் புரிந்திருக்காது.

ஸ்லைடில் சிவப்பணுக்களுக்கு நடுவே, நெற்றியில் கறுப்புப் பொட்டு வைத்த மாதிரி சில இருந்தன. நன்றாக வளர்ந்த சிவப்பணுவுக்கு உள்ளே கரு இருக்காது, வளராததற்குத்தான் இருக்கும். வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்கு ஆக்சிஜன் போதாவிட்டால், எலும்புக்குள்ளிருந்து உடம்பு இந்த அரைவேக்காடுகளையும் அவசரமாக வெளியே தள்ளும். பழைய இயந்திரம் பொட்டைப் பார்த்ததும் வெள்ளையணு என்று எண்ணிவிடும். பாமா ஒவ்வொன்றாக எண்ணினாள். நூறு வெள்ளையணுவுக்கு அறுபது பொட்டு. கணக்குப் போட்டால் உண்மையில் வெள்ளையணு முப்பதாயிரம்தான், பிறந்த அன்றைக்குப் பயப்பட வேண்டிய அளவில்லை. ஆனால் அந்த அறுபது வேறொன்றைச் சொன்னது. இந்தக் குழந்தை இன்று காலை மட்டும் தவிக்கவில்லை. அதற்கு முன்பிருந்தே மூச்சுக்குத் தவித்திருக்கிறது. தான் பூண்டு உரித்துக்கொண்டிருந்த நேரத்திலும் தவித்திருக்கிறது.

அந்தக் குழந்தை பிழைக்கும் என்று முதல் இரண்டு நாள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாஸியா தீவிர சிகிச்சையில் ஒரு மாடியில், குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் வேறொரு மாடியில். தினமும் காலை பாமாவே போய், பூ மாதிரி இருந்த குதிகாலில் ஊசி குத்தி இரண்டு சொட்டு எடுப்பாள். மன்னிச்சுக்கோம்மா, மன்னிச்சுக்கோம்மா என்று முணுமுணுத்துக்கொண்டே எடுப்பாள். ஊசிக்காகச் சொல்கிறாள் என்று நர்சுகள் நினைத்தார்கள். பொட்டு அறுபதிலிருந்து முப்பதாயிற்று. அடுத்த நாள் பன்னிரண்டு.

மூன்றாம் நாள் நாஸியாவைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். ரத்தம் தேறி வந்தது. பாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். போன் வந்தது, பூண்டு உரித்தது, பார்க்காமல் கொத்து என்றது எல்லாம். சொல்லி முடித்து, "கலத், தப்பு என்னுதுதான் நாஸியா. நீ கோவிச்சுக்கினாலும் தகும்" என்றாள்.

நாஸியா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"வலிய நானும் கொறச்சுத்தான்க்கா சொன்னேன்" என்றாள். "தாங்க முடியாத வலி. ஆனா நீங்கதான் சொல்லி வச்சிருக்கீங்கல்லா, பயப்படாதன்னு. நம்ம ரத்தம் அப்டித்தான் போலன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்துட்டேன்."

அதைவிட நாலு திட்டு திட்டியிருக்கலாம். பாமா குனிந்து, நாஸியாவின் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அந்தக் கை விலகவில்லை.

அன்று கீழே வந்ததும் நாஸியாவின் ஃபைலை எடுத்து, அட்டையிலிருந்த சிவப்பு எழுத்தின்மேல் கோடு கிழித்தாள். பக்கத்தில் சாதாரண நீல மையில் 'ஒவ்வொரு முறையும் ஸ்லைடு பார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அருண்ராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் அவளைத் தூர்பீன் அக்கா என்று கூப்பிட்டாலும், அவளுக்கு முன்னால் அவனே போய் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்துவிடுகிறான். இடம் கிடைக்கவில்லை என்று இப்போது பாமாதான் சண்டை போடுகிறாள்.

நாலாம் நாள் ஐந்து. ஐந்தாம் நாள் ஒன்று. ஆறாம் நாள் காலை, பாமா ஸ்லைடின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை போனாள். பொட்டு இல்லை. ஒன்றுகூட இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தவள், மறுபடி உட்கார்ந்து, ஸ்லைடை நகர்த்தி இன்னொரு நூறு எண்ணினாள். மேலே குழந்தை மூச்சுக்கு வைத்த குழாய் இல்லாமலே இரண்டு நாளாக இருந்தது, பாலும் இறங்கியது. இனி அம்மாவிடம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாமா போனை எடுக்கவில்லை. படியேறிப் போனாள்.

நாஸியா கட்டிலில் சாய்ந்திருந்தாள். நெஞ்சோடு துணி சுற்றிய சின்ன மூட்டை. பக்கத்தில் கலீல், கடையின் நல்ல குடை ஒன்றை ஏன் கொண்டுவந்தோம் என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ரத்தம் சுத்தமா இருக்கு. இனிமே ஒண்ணுமில்ல" என்றாள் பாமா, மூச்சு வாங்க.

நாஸியா குழந்தையிடமிருந்து கண்ணை எடுத்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். உதட்டோரம் துடித்தது.

"பாத்துட்டுத்தான் சொல்லுதீங்களாக்கா?"

பாமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ரெண்டு தபா பாத்தேன்டி" என்றாள்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, நாஸியா குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள்.